சாவி அண்ணன் ஆள் சேர்த்த தெரு

வீடு காலியாக இருக்கும்போதே, வாடகை தரத் தயாராக ஆள் வாசலில் நிற்கும்போதே, "உங்களுக்கு இந்த வூடு சரிப்படாது, போய்ட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிய வீட்டு புரோக்கர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சாவி அண்ணன். அவர் திருப்பி அனுப்பியவர்கள் எல்லாம் சேர்ந்தால் விழுப்புரத்தில் ஒரு சங்கமே ஆரம்பிக்கலாம், மாநாடும் நடத்தலாம்.

அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எங்கள் யாருக்கும் தெரியாது. இடுப்பில் ஒரு பெரிய இரும்பு வளையம், அதில் கொத்துக் கொத்தாகச் சாவிகள். அவர் முனை திரும்பும்போதே சத்தம் கேட்டுவிடும். ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே பெரியவருக்குச் சொந்தம். பெரியவர் சென்னையில் மகன்களோடு இருந்தார். வாடகை ஒழுங்காக வந்தால் போதும், யாருக்கு விட்டாய் என்று கேட்க மாட்டார். ஆகவே அந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்று முடிவு செய்யும் சர்வ அதிகாரமும் சாவி அண்ணனுடையது.

எனக்கு அப்போது கல்யாணமான புதிது. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து விழுப்புரத்தில் வேலைக்கு வந்துபோய் இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் வீடு கேட்டு அவர் முன்னால் நின்றோம். மற்ற புரோக்கர்கள் முதலில் சம்பளத்தைக் கேட்பார்கள், அடுத்து குரலைத் தாழ்த்தி "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். சாவி அண்ணன் இரண்டையும் கேட்கவில்லை.

"ஏணி இருக்குதாம்மா?"

"இல்லண்ணே."

"ஊசி போடத் தெரியுமா?"

"தெரியாது."

"சார் எப்படி? பாம்பு கீம்பு அடிப்பாரா?"

என் வீட்டுக்காரர் கரப்பான் பூச்சிக்கே கட்டில் மேல் ஏறுகிறவர். அவர் தரையைப் பார்த்தார். சாவி அண்ணன் உதட்டைப் பிதுக்கினார்.

"வேற இன்னாதாம்மா உங்களுக்குத் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா கத்தத் தெரியும்" என்றேன்.

அவர் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "கத்திக் காட்டுங்க."

"என்னன்னு கத்துறது?"

"தண்ணி வந்துடுச்சுன்னு."

இதென்ன கூத்து என்று நினைத்தாலும், வீடு வேண்டுமே. தெரு நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்து, "தண்ணி வந்துடுச்சேய்" என்று ஒரு குரல் கொடுத்தேன். அடுத்த நிமிஷம் எல்லா வீட்டிலிருந்தும் குடத்தோடும் வாளியோடும் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் முகத்தில் பாதி சவரம் மிச்சமிருந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. என்னை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம். சாவி அண்ணன் மட்டும் வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"முன்ன இருந்த அம்மா மாத்தலாகிப் போய்ட்டாங்க. தெருவுல சத்தத்துக்கு ஆளில்லாம பேஜாராப் போச்சு. ஜல்தியா சாமான எடுத்துக்கினு வாங்க."

அப்புறம்தான் எனக்கு அவர் கணக்கு புரிந்தது. ஒரு தெருவுக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தெருவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏணிக்கு பெயின்டர் அந்தோணி. ஊசிக்கும் கட்டுக்கும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ரோஸி சிஸ்டர். அவசரத்துக்கு வேன் ஓட்டும் பஷீர் பாய். சண்டை வந்தால் தீர்த்து வைக்க, கெடாரிலிருந்து வந்து குடியேறிய வாத்தியார். வாத்தியார் சமாதானம் பேச ஆரம்பித்தால் இரண்டு தரப்பும் தூக்கம் வந்து எழுந்து போய்விடும், ஆனாலும் சண்டை தீர்ந்துவிடும். சத்தத்துக்கு நான். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாராலும் சொல்ல முடியாத தெருவில் அது சின்னப் பதவி இல்லை. விடிகாலையில் குழாய் கொர் என்று இழுக்கும்போது என் குரல்தான் தெருவை எழுப்பும். மாமியார் வீட்டில் "பொம்பளைக்கு என்ன இவ்வளவு தொண்டை" என்று திட்டு வாங்கிய குரலுக்கு அந்தத் தெருவில் மரியாதை இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவர் காரில் வந்து இறங்கினார். வீடு பிடித்திருந்தது. சாவி அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கதவ எப்போ சாத்துவீங்க சார்?"

"எப்பவும் சாத்தித்தான் வெச்சிருப்போம். தூசி வரும்ல?"

"அப்ப உங்களுக்கு சரிப்படாது சார். இங்க தூசி வரும், பக்கத்து வூட்டுக்காரரும் வருவாரு."

அதிகாரி காரைத் திருப்பவே இடமில்லாமல் ரிவர்ஸிலேயே தெருவை விட்டுப் போனார்.

அண்ணன் ஏமாந்ததும் உண்டு. அனந்தபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல உயரம், முறுக்கு மீசை. "பாம்பு புடிப்பேன், எங்கூர்ல கேட்டுப் பாருங்க" என்றார். மீசையைப் பார்த்தே அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டார். அந்த மழைக்காலத்திலேயே வாத்தியார் வீட்டுக் குளியலறையில் பாம்பு வந்தது. என் குரல் கேட்டுத் தெருவே கூடியது. பாம்பு பிடிக்கிறவரைக் காணோம். தேடினால், அந்தோணியின் ஏணியில் உச்சிப் படியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாம்பு எங்களைப் பார்த்து அலுத்துப்போய்த் தானாகவே சாக்கடை வழியாகக் கிளம்பிவிட்டது. மனிதரை இறக்கத்தான் சாயங்காலம் வரை நேரம் பிடித்தது.

காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அண்ணன் ஏணி அடியில் நின்று யோசித்தார். அதற்குள் அனந்தபுரத்துக்காரரின் மனைவி ஒரு அண்டா நிறைய வேகவைத்த மல்லாட்டையை, எங்கள் பக்கத்து வேர்க்கடலையை, தூக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் முறத்தில் அள்ளிக் கொடுத்தார். ஊரில் அவர்களுக்கு மல்லாட்டை விளைகிற கொல்லை இருந்தது, மூட்டை மூட்டையாக வருமாம். அண்ணன் ஒன்றை உடைத்து வாயில் போட்டார்.

"பாம்பு வேலைக்கு வேற ஆள் பாத்துக்கலாம். மல்லாட்டைக்கும் நம்ம தெருவுல ஆள் இல்லியே."

இவ்வளவு பேருக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் ஒற்றை அறையில் இருந்தார். குடும்பம் கிடையாது. ஒரு நாள் ரோஸி சிஸ்டர் கேட்டேவிட்டார்.

"ஏண்ணே, கடைசி வூடு காலியாத்தானே இருக்குது. நீங்களே வந்துடக் கூடாதா?"

"நான் வந்து இன்னாம்மா பண்றது? எனக்கு ஏணியும் இல்ல, ஊசியும் தெரியாது. எனக்குக் குடுத்தா ஒரு வூடு வீணாப் போவும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் வைத்த பரீட்சையில் அவரே தேறவில்லை என்பதை மனதார நம்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கஷ்டமாகவும் இருந்தது.

பெரியவர் சென்னையில் காலமானார். மகன்கள் தெருவையே மொத்தமாக ஒரு பில்டருக்கு விற்றுவிட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறதாம், பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டுமாம். நாங்கள் எல்லாம் வாடகைக்காரர்கள், வாயைத் திறக்க முடியாது. ஆளாளுக்கு வீடு தேட ஆரம்பித்தோம். சாவி அண்ணன்தான் கையை நீட்டித் தடுத்தார்.

"யாரும் தனித்தனியாப் போவக் கூடாது. தெருவை அப்டியே எடுத்துக்கினு போய் வேற எடத்துல வெச்சிடறேன். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஷீர் பாயின் வேனில் தெருவே ஏறியது. பைபாஸ் பக்கம் அப்போது புதுப்புது நகர்களாக முளைத்துக்கொண்டிருந்தன. முள் காட்டை வெட்டி, கல் நட்டு, கலர் கொடி கட்டி, பூவின் பெயர் வைத்திருப்பார்கள். பூ மட்டும் எங்கேயும் இருக்காது. ஒரு நகரில் புது வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. முதல் வீட்டைப் பார்க்க வந்திருந்த அதன் சொந்தக்காரர் வெளியே வந்து வேனை எட்டிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குப் போறீங்களா?"

"வூடு பாக்க வந்தோம் சார்" என்றார் அண்ணன்.

"இத்தினி பேருமா ஒரு வூட்டுல?"

"இல்ல சார். உங்க வூடு, பக்கத்து வூடு, எதிர் வூடு எல்லாம் வேணும். தெருவையே இட்டாந்திருக்கேன்."

அந்த மனிதர் பின்பக்கமாகவே நடந்து போய் கேட்டைப் பூட்டிக்கொண்டார்.

வாரா வாரம் போனோம். மல்லாட்டை அண்டாவும் கூடவே வந்தது. சில இடங்களில் வீட்டுக்காரர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒருவருக்கு பஷீர் பாய் வேண்டாம். ஒருவருக்கு அந்தோணியும் ரோஸி சிஸ்டரும் வேண்டாம். இன்னொருவர் கறி மீன் சமைக்காதவர்களுக்குத்தான் தருவாராம். என்னையும் என் வீட்டுக்காரரையும் மட்டும் பார்த்து, "நீங்க வேணா வாங்க" என்று எல்லோரும் சொன்னார்கள்.

"அந்தோணி இல்லன்னா ஏணிக்கு எங்க சார் போவீங்க?" என்று அண்ணன் ஒவ்வொருவரிடமும் உண்மையான கவலையோடு கேட்டார்.

"ஏணியா?" என்று அவர்கள் விழித்தார்கள்.

பொங்கல் நெருங்கியது. பஷீர் பாய்தான் முதலில் உடைந்தார். "அண்ணே, குடும்பத்தோட எத்தினி நாளு தெருத்தெருவா சுத்தறது? மச்சான் பாண்டிச்சேரில ஒரு வூடு சொல்லிக்கினு இருக்கான்" என்றார். அண்ணன் கையை நீட்டி, பாய் வீட்டுச் சாவியை வாங்கி வளையத்தில் மாட்டிக்கொண்டார். பாய் போனதும் வேன் போனது, வேன் போனதும் தெரு போனது. ரோஸி சிஸ்டர் பெருமுக்கலில் இருந்த தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குப் போனார். வாத்தியார் கெடாருக்கே திரும்பினார். அந்தோணி ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு முனை திரும்பியபோது நான் அழுதுவிட்டேன்.

கடைசி நாள் சாவி அண்ணன் சாவிகளை எல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு பில்டரின் ஆளிடம் போனார். அந்தப் பையன் சிரித்தான்.

"இடிக்கப் போற வூட்டுக்கு சாவி எதுக்கு பெரியவரே? நீங்களே வெச்சிக்கோங்க."

அவர் வளையத்தை மறுபடி இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தார். சத்தம் முனை வரை கேட்டது.

எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அந்த இடத்தை விட்டுப் போக மனசு கேட்கவில்லை. கடனை உடனை வாங்கி, அதே இடத்தில் எழும்பிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு வாங்கிவிட்டோம். நாங்கள் குடியிருந்த வீடு இப்போது கார் நிறுத்தும் இடம். ரோஸி சிஸ்டர் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே ஆகாயமாக இருந்த இடத்தில் என் சமையலறை இருக்கிறது. தண்ணீர் எந்நேரமும் வருகிறது. மோட்டார் ரிப்பேர் என்றால் போனில் குரூப்பில் ஒரு செய்தி வரும், கும்பிடும் கை படத்தோடு. எல்லாக் கதவும் சாத்தியே இருக்கும். நான் சத்தமாகப் பேசி வருஷங்கள் ஆகிவிட்டன.

போன மாதம் ஒரு காலையில் துணி காயப்போட பால்கனிக்கு வந்தேன். கீழே கேட்டில் ஏதோ பேச்சு.

"எந்த பிளாட்டு? நம்பர் சொல்லுங்க" என்றார் வாட்ச்மேன்.

"நம்பர் தெரியாதுப்பா. சத்தம் போடுற அம்மா வூடு."

"அப்டி யாரும் இங்க இல்லியே பெரியவரே."

ஒரு காலத்தில் இந்த மண்ணில் யார் குடியிருக்கலாம் என்று முடிவு செய்தவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி நம்பர் கேட்டார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, மெதுவாக பஸ் ஸ்டாப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். லிஃப்ட் பிடித்து இறங்குவதற்குள் போய்விடுவார். கூப்பிட வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், வந்தது வேறு.

"தண்ணி வந்துடுச்சேய்!"

அவர் அப்படியே நின்றார். எனக்கு மேலேயும் கீழேயும் எதிரிலும் பால்கனிக் கதவுகள் படபடவென்று திறந்தன. என் எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒருவர் முகத்தில் பாதி சவரம் மிச்சமிருந்தது.

ஓடிப்போய்க் கேட்டில் பிடித்தேன். ஆள் நன்றாக இளைத்திருந்தார். வளையம் மட்டும் அப்படியே இருந்தது.

"தொண்டை இன்னும் கெடலம்மா" என்றார் திருப்தியாக. "திண்டிவனத்துல ஒரு தெரு கையில வந்திருக்குது. ஏணிக்கு ஆள் ஆச்சு. ஊசிக்கு ஆச்சு. சத்தத்துக்குத்தான் ஆளில்ல. உங்கள கேக்காம வேற யாருக்கும் குடுக்க மனசு வர்ல."

"வீடு வாங்கிட்டோமேண்ணே. லோன் இருக்குது" என்றேன்.

"தெரியும்மா. கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"மேல வந்து ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க."

அவர் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். திறந்த பால்கனிகளில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இதுல ஏணி யாருகிட்டம்மா இருக்குது?"

"தெரியலண்ணே."

"கேட்டு வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, காபி குடிக்க மேலே வந்தார்.

அடுத்த வாரம் திண்டிவனம் போயிருந்தபோது விசாரித்தேன். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் வந்தாயிற்று, ஒன்றைத் தவிர. கேட்டு வருகிறவர்களை எல்லாம் "சரிப்படாது" என்று அவர் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாராம். அந்த வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் அண்ணே என்று போன் செய்து சொல்ல வேண்டும். தினமும் நினைக்கிறேன், தினமும் செய்யாமல் இருக்கிறேன்.