வடிவின் முகத்தில் விழுந்த வெளிச்சம்

இலங்கையை விட்டுத் திருச்சிக்கே போய்விடுவது என்று 1965 தை மாதம் முடிவெடுத்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதன்முதலாகப் பி.ஏ. பாஸ் செய்தவன் நான். கொட்டகலைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆனால் பிரஜாவுரிமை இல்லை. வேலை எப்போது போகுமோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. இந்தியப் பாஸ்போட்டுக்கு என் படமும் மனைவி சண்முகவடிவின் படமும் வேண்டும்.

"ஹட்டன் ஸ்டூடியோவுக்குப் போவமா?" என்றேன்.

"வேத்து ஆம்பள முன்னால மூஞ்சியக் காட்டிக்கிட்டு உக்கார மாட்டேன். நீங்களே எடுங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய கமரா ஒன்று வாங்கினேன். முன்னால் கறுப்புத் துருத்தி நீளும் வகை. அவள் என்னை எடுத்தாள். பிறகு நான் அவளை எடுத்தேன். ஸ்டூடியோ ஹமீத் நானா பிலிமைக் கழுவிக் கொடுத்தார். என் படத்தில் நான் திருடன் மாதிரி விழித்துக்கொண்டிருந்தேன். ஆனால் தெளிவாக விழித்தேன். அவள் படத்தில் ஒரே வெள்ளை. ஓரத்தில் ஒரு தோடு மட்டும் தெரிந்தது.

"எங்கயோ வெளிச்சம் கசியுது மாஸ்டர்" என்றார் நானா.

கம்பளிக்குள் புகுந்து, துருத்திக்குள் டார்ச் அடித்து ஓட்டை தேடினேன். ஓட்டை இல்லை. ஆனாலும் கறுப்புத் துணி ஒட்டினேன். மறுபடி எடுத்தேன். வெள்ளை. பின்பக்கத்தில் பிலிம் நம்பர் பார்க்கும் சிவப்புக் கண்ணாடியை பிளாஸ்டர் போட்டு மூடினேன். வெள்ளை. எனக்குத் தூக்கம் போயிற்று.

"துருத்தியில ஓட்டைன்னா என் படமும் கெடணுமே, வடிவு?"

"உங்க மூஞ்சி வெளிச்சத்துக்கே புடிக்கலயோ என்னமோ."

அடுத்த தடவை எடுத்த கையோடு கமராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். தேத்தண்ணி குடிக்கக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே ஹட்டன் பஸ் ஏறினேன்.

படத்தில் வடிவு முழு முகத்தோடு இருந்தாள்!

அப்படியானால் கசிவது கமரா இல்லை, வீடு. பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி. கம்பெனிக்காரன் வைத்த அடையாளம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். விரலால் தேய்த்தேன். குங்குமம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "கமராவத் தொறந்தியா?"

"தொறக்காம? வீட்டுக்கு வந்த புதுச் சாமான். வெள்ளிக்கெழம உள்ளயும் பொட்டு வச்சு சூடங் காட்டினேன்."

"பிலிம் உள்ள இருந்துச்சே! என் படம் உள்சுத்துல தப்பிச்சிருக்கு, மேல்சுத்துல இருந்த உன் படம் வெளுத்துப் போச்சு!"

"அது மொதத் தடவ. சாமிக்காகத் தொறந்தேன்."

"மத்தத் தடவ?"

"எனக்காகத் தொறந்தேன்."

கமராவை மேசையில் வைத்தேன்.

"மாசக்கணக்கா வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு கமராவத் தலகீழாப் புரட்டினீங்க. ஒருநாளாச்சும், வர்றியான்னு என்னயக் கேட்டீங்களா? எங்க அம்மா அப்பா பூண்டுலோயாவுல இருக்காங்க. திருச்சியில எனக்கு யாரு இருக்கா?"

துருத்தி, மூடி, கண்ணாடி எல்லாவற்றையும் சோதித்திருந்தேன். இதைச் சோதிக்கவில்லை.

"வர்றியா?" என்றேன், குரல் இறங்கி.

"இல்லங்க."

"அப்ப... இந்தப் படம்?"

"நல்லாத்தான் வந்திருக்கு. சட்டம் போட்டு மாட்டுங்க."

அன்று சாயங்காலமே சுவரில் ஆணி அடித்தேன். கோணலாக இருக்கிறது என்றாள். பிடுங்கி, இன்னும் ஆழமாக அடித்தேன்.