கொக்குக்கு எது உச்சம்?

கண்ணடித்ததில் தவறில்லை. கண்ணாடிக்கு எதிரில் நின்றுகொண்டு கண்ணடித்ததுதான் சலூன்காரர் செய்த தவறு.

நாற்காலியில் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தவர் சலூன் இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர். "கொக்கு ஆடினதுலயே உச்சம் அஞ்சாவது சீசன்தான். என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"அதுல என்ன சார் சந்தேகம்!" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், பின்னால் பெஞ்சில் காத்திருந்த மருந்துக்கடைக்காரரின் முகம் சுருங்குவது கண்ணாடியில் தெரிந்தது. அவர் ஒன்பதாவது சீசன் கட்சி. 'சும்மா பேச்சுக்குச் சொல்றேன், கண்டுக்காதீங்க' என்ற பொருளில் சலூன்காரர் கண்ணாடி வழியாகவே அவருக்கு ஒரு கண் சிமிட்டினார்.

அதே கண்ணாடியைத்தான் கட்டட ஓனரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குக் கண்ணடிச்சீங்க?"

"கண்ணுல முடி விழுந்துடுச்சு சார்."

"என் தலையிலேர்ந்தா?"

ஓனர் துணியை உருவிப் போட்டுவிட்டு எழுந்தார். "கடை ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்கறதா வேணாமான்னு அப்புறம் யோசிப்போம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் தெருவில் வேறு கடை கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்த நாற்காலியையும் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

கொக்கு என்பவர் ஒரு கூடைப்பந்து வீரர். ஆறரை அடி உயரம். பந்தைக் கூடையில் போடுவதற்கு முன் ஒரு காலைச் சற்றே தூக்கிக்கொண்டு நிற்பாராம். அதனால் அந்தப் பெயர். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய எந்த சீசன் உச்சம் என்பதில் தூக்கம் கெட்டது இந்த இரண்டு பேருக்கும்தான். இத்தனைக்கும் இருவரும் ஜென்மத்தில் பந்தைத் தொட்டவர்கள் இல்லை. ஓனருக்குக் குனிந்தால் நிமிர இன்னொருவர் கை வேண்டும். மருந்துக்கடைக்காரருக்கு மேல் தட்டிலிருந்து இருமல் மருந்தை எடுத்தாலே மூச்சு வாங்கும்.

"அஞ்சாவது சீசன்ல பறந்தான்யா மனுஷன்! எதிராளி தலைக்கு மேல முட்டி தெரிஞ்சுது."

"பறந்து என்ன பிரயோஜனம்? கோப்பை எங்க? ஒன்பதாவதுல முட்டி போச்சு, ஆனா மூளையால ஆடினாரு. கோப்பையத் தூக்கினாரு."

"அவரா தூக்கினாரு? மத்த நாலு பேரு தூக்கினாங்க, இவரு போட்டோவுக்குக் கை வெச்சாரு!"

வாரம் தவறாமல் இதே கச்சேரி. பெஞ்சில் இருக்கும் மற்றவர்கள் தங்கள் முறை வந்தாலும் எழுந்திருக்காமல் வாய் பிளந்து கேட்பார்கள்.

சலூன்காரருக்குக் கூடைப்பந்தில் எந்தப் பக்கமும் கிடையாது. நாற்காலியில் எந்தத் தலை இருக்கிறதோ அந்தத் தலை சொல்வது சரி, அவ்வளவுதான் அவருடைய கொள்கை. மாப்பிள்ளையைத் திட்டும் மாமனாருக்கும், மாமனாரைத் திட்டும் மாப்பிள்ளைக்கும் ஒரே கத்தரி, ஒரே தலையாட்டல். அப்படியே காலத்தை ஓட்டியவரை ஒரு கொக்கு வந்து கவிழ்த்துவிட்டது.

"ரெண்டு பேரையும் ஒண்ணா சேர விடாதீங்க. அவ்வளவுதானே?" என்றாள் மனைவி.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஓனருக்குக் காலை, மருந்துக்கடைக்காரருக்கு மாலை என்று நேரம் பிரித்துக் கொடுத்தார். முதல் நாள் காலையில் ஓனர் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மருந்துக்கடைக்காரர் எதிர்ப்பக்கம் இருந்த தன் கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"உங்களுக்குச் சாயங்காலம்தானே சொன்னேன்?"

"மீசை ஓரம் கொஞ்சம் கோணலா இருக்கற மாதிரி இருந்துச்சு. அதான்..." என்றவர் ஓனர் பக்கம் திரும்பினார். "ஒன்பதாவது சீசன்ல அவரு சராசரி என்னன்னு பார்த்தீங்களா?"

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வந்தபோது, ஓனர் ஏற்கெனவே பெஞ்சில் இருந்தார். பேப்பர் படிக்க வந்தாராம். பேப்பர் தலைகீழாக இருந்தது.

முன்பு ஒரு வேளை நடந்த சண்டை இப்போது இரண்டு வேளை ஆயிற்று.

அடுத்ததாகச் சுவரில் ஒரு பலகை தொங்கியது: 'இங்கு கூடைப்பந்து பேசக்கூடாது.' பேசவில்லைதான். மருந்துக்கடைக்காரர் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தபோது, பெஞ்சிலிருந்த ஓனர் கண்ணாடியைப் பார்த்து ஐந்து விரலை விரித்துக் காட்டினார். அவ்வளவுதான். துணிக்கு அடியிலிருந்து இரண்டு கைகளும் விருட்டென்று வெளியே வந்து ஒன்பது விரல்களைக் காட்டின. அந்த வேகத்தில் முழங்கை இடித்து, கத்தி தாடையில் இறங்கிவிட்டது.

"ஐயோ, ரத்தம்!"

பாவம், தன் கடைக்குத் தானே ஓடி, தன் பஞ்சைத் தானே எடுத்து ஒட்டிக்கொண்டு, மீதி ஷேவிங்குக்குத் திரும்பி வந்தார் மனுஷன்.

அன்று ஓனர் போன பிறகு சலூன்காரர் மருந்துக்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பொழப்பு உங்க கையிலதான் இருக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அஞ்சாவதுதான் உச்சம்னு ஒத்துக்கிட்டா என்ன? நீங்க என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

மருந்துக்கடைக்காரர் கையை வெடுக்கென்று உதறினார். "ஒத்துக்கறதா? அப்புறம் அவரு மனசு என்ன பாடுபடும்!"

இவர் ஒத்துக்கொண்டால் ஜெயிப்பது ஓனர்தானே, அவர் மனசு ஏன் பாடுபட வேண்டும் என்று சலூன்காரருக்கு விளங்கவில்லை. ரத்தம் போனதில் மயக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மாசம் முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கடைசி அஸ்திரமாக, பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து சொல்லிக் கொடுக்கும் வாத்தியாரை அழைத்து வந்தார். கொக்கோடு ஒரே மைதானத்தில் ஆடியவராம். எதிரணியில் ஆடித் தோற்றவர்தான், ஆனாலும் ஆடியவர். வருஷம் முழுக்க ஓசியில் முடிவெட்டு என்று பேரம் படிந்தது.

வாத்தியார் சுழல் நாற்காலியில் நீதிபதிபோல் அமர்ந்தார். இரண்டு கட்சியும் பெஞ்சின் இரண்டு ஓரங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தன.

"வேகத்துல அஞ்சாவது சீசன் உச்சம். விவேகத்துல ஒன்பதாவது உச்சம். ரெண்டு பேரும் சொல்றது சரி. இதுல சண்டைக்கே இடம் இல்லை."

ஓனர் வாயைத் திறந்தார், மூடினார். மருந்துக்கடைக்காரர் தாடைப் பஞ்சைத் தடவிக்கொண்டார். தொட்டுப் பேச ஒரு நுனிகூடக் கிடைக்கவில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றார் ஓனர்.

"ஆமா, சரிதான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

இருவரும் கை குலுக்கிக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். சலூன்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பலகையைக் கழற்றி எறிந்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "உன் புருஷன் சாதாரண ஆளில்லை. நாட்டுக்கு நாடு நடக்கற சண்டையைக்கூட என்கிட்ட விட்டா தீர்த்து வெச்சுடுவேன்" என்று பீற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஓனர் வரவில்லை. மருந்துக்கடைக்காரர் எதிரில்தான் இருந்தார்; ஆனால் கல்லாவில் கன்னத்தில் கை வைத்து, தாடி வளர உட்கார்ந்திருந்தார். பெஞ்சுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து, எட்டிப் பார்த்து, "இன்னிக்கு யாரும் வரலையா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். கத்தரியைத் துடைத்துத் துடைத்து அது பளபளவென்று ஆகிவிட்டது. கடை நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தம் சலூன்காரருக்குப் பிடிக்கவே இல்லை.

மாசக் கடைசி நாளன்று ஓனரின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஓனர் சோபாவில் கால் நீட்டிக் கிடந்தார். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியதுபோல் இருந்தார்.

"ஒப்பந்தமா? வேணாம் தம்பி. அந்த இடத்தைக் குடோனுக்கு விட்டுடலாம்னு இருக்கேன்."

"நான் என்ன சார் தப்பு பண்ணினேன்? சண்டையே இல்லாம பண்ணி வெச்சேனே! இப்ப கடையில ஒரு சத்தம் கிடையாது. நிம்மதியா வந்து உட்காரலாம், வெட்டிக்கலாம், போகலாம்..."

"நிம்மதி" என்றார் ஓனர், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்ற அவருடைய மனைவி, கணவரின் வழுவழு உச்சந்தலையை ஒரு தடவை பார்த்தார். சலூன்காரரை ஒரு தடவை பார்த்தார்.

"ஏன் தம்பி, இவரு தலை இப்படி ஆகி இருபது வருஷமாச்சு. வாராவாரம் உங்க கடைக்கு எதை வெட்டிக்க வந்தாருன்னு நினைச்சீங்க?"