குக்கரைக் கைவிடாதவர்

பொருளை வாங்கத் தெரிந்தவர்கள் உண்டு, விற்கத் தெரிந்தவர்கள் உண்டு. கொடுக்கவென்றே கிளம்பி, கடை வாசல் வரை போய், கை வராமல் நிற்கிறவர் என்று வேறொரு ரகமும் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்சேஞ்சுக்குப் போவதாகச் சொல்லிப் போவார். திரும்பும்போது பையின் கனம் குறைந்திருக்காது.

கைலாசபுரம் பிலோமின்ராஜ் அந்த ரகத்தில் முதல் வரிசை. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே காஜா மைதீனின் பாத்திரக்கடையில், பழைய குக்கரைக் கொடுத்தால் புதியதற்குத் தள்ளுபடி. அன்றே கடைசி நாள். மறுநாள் கோயிலில் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா, வீட்டில் பதினைந்து பேருக்குச் சாப்பாடு. இருந்த குக்கரோ விசில் அடிப்பதை விட்டுவிட்டுப் பருப்பைக் கூரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் மனைவி லூர்துராணி அவரைத் தனியே அனுப்பவில்லை.

பஸ்ஸிலேயே அவள் பைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். வெயிட் இல்லை, கேஸ்கட் இல்லை, கைப்பிடி ஸ்குரு இரண்டும் இல்லை.

"அதெல்லாம் எங்கங்க?"

"கழட்டி வச்சிருக்கேன். எதுக்காவது ஆகும்."

"குக்கரே இல்லாம வெயிட்டு எதுக்குங்க ஆகும்?"

"பேப்பர் பறக்காது."

காஜா மைதீனுக்கு ஒரு வழக்கம். வாங்கிய பழைய குக்கர் மறுபடி யார் அடுப்பிலும் ஏறி வெடித்துவிடக் கூடாதென்று, கொடுத்தவர் கண்ணெதிரிலேயே அதன் அடியில் உளி வைத்து ஓட்டை போட்டு, உருக்குவதற்கு அனுப்புவார். உளியை வைத்தார். பிலோமின்ராஜ் குறுக்கே கையை வைத்தார்.

"ஒரு நிமிஷம் பாய். அடிப்பாகம் எவ்வளவு கெட்டி பாருங்க. இந்த மாதிரி அலுமினியம் இப்ப வர்றதில்ல."

"அப்ப வீட்டுக்கே கொண்டு போயிடுங்க சார். நல்ல பொருளை நான் ஏன் உடைக்கணும்?"

இவர் நன்றியோடு பையை விரித்தே விட்டார். லூர்துராணி பதினைந்து இலைகளையும் அவற்றில் விழப்போகாத சாம்பாரையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள்.

"இப்படிக் குடுங்க பாய்."

உளியையும் சுத்தியலையும் வாங்கினாள். இரண்டே அடி.

வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். புதுக் குக்கர் மளமளவென்று அவள் கைக்கு வந்தது. பிலோமின்ராஜ் பழையதைத் தூக்கி, ஓட்டை வழியாகக் காஜா மைதீனைப் பார்த்தார்.

"இனிமே இது உங்களுக்கு எதுக்கு பாய்? ரோஜாச் செடி வைக்கலாம். தண்ணி வடியவும் வழி ஆயிடுச்சு."

சிரிக்கிறீர்களா? தாராளமாக. சிரித்து முடித்ததும் உங்கள் பீரோ மேல் எட்டிப் பாருங்கள். டிரான்சிஸ்டர் வந்த அட்டைப்பெட்டி இருக்கும். டிரான்சிஸ்டர் போய் நாலு வருஷமாயிற்று. பெட்டிக்கு மட்டும் உறை தைத்துப் போட்டிருக்கிறீர்கள்.