மாடி வூட்டு அக்காவுக்கு என்னைத் தெரியாது

போன வாரம் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கப் போனேன்.

ஏன்னு கேக்காதீங்க. இருபத்தி நாலு வயசு, அதுக்கு ஏத்த முட்டாள்தனம், அவ்ளோதான். எடுத்துப் பாத்துடலாம்னு தோணுன நாள்லேர்ந்து தூக்கமும் வரல.

நமக்கு ஊரு புதுப்பட்டினம். இங்க மெடிக்கல் ஷாப்ல தலைவலி மாத்திரை வாங்குனாலே, நான் வூடு வர்றதுக்குள்ள அம்மா சுக்கு காபியோட நிப்பாங்க. அதனால பஸ் ஏறி, செங்கல்பட்டுல ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். மாஸ்க், தொப்பி, கூலிங் கிளாஸ். வாட்ச்மேன் என்னை ஒரு தடவ பாத்துட்டு, கண் டாக்டர் ரூமுக்கு வழி காட்டினாரு.

ஒருவழியா எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்குற நம்பிக்கை மையத்தக் கண்டுபுடிச்சு உள்ள போனேன்.

"உக்காருங்க. மாஸ்க்க எடுத்துட்டுப் பேசுங்க"ன்னு கவுன்சிலர் நிமிர்ந்தாங்க.

சுமதி அக்கா. எங்க மாடி வூட்டு சுமதி அக்கா!

தினமும் காலைல செங்கல்பட்டு பஸ் ஏறுறாங்கன்னு தெரியும். ஆஸ்பத்திரி வேலைன்னும் தெரியும். என்ன வேலைன்னு ஒருநாளாவது கேட்டு வச்சிருக்கலாம். கேக்கல.

வேற வழியில்லாம மாஸ்க்க எடுத்தேன். அக்கா மொகத்துல ஒரு மாத்தமும் இல்ல. "உங்க பேரு?"

வழியெல்லாம் மனப்பாடம் பண்ண பொய்ப் பேரு பதட்டத்துல வாயில வந்துடுச்சு. "ரமேஷ்."

"பயப்படாதீங்க ரமேஷ். இங்க பேசுறது எதுவும் இந்த ரூமைத் தாண்டாது."

ரத்தம் எடுத்தாங்க. வெளிய பெஞ்சுல உக்காந்து, தெரிஞ்ச சாமி எல்லாத்தையும் கும்பிட்டேன். நெஜமாவே பயந்துட்டேன். திரும்பக் கூப்புட்டு, "நெகட்டிவ். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ எடுத்துடுங்க"ன்னாங்க. அழுதுட்டேன். அக்கா தண்ணி குடுத்தாங்க.

இதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் இத எழுதப் போறேன்?

அக்கா சொன்ன சொல்லக் காப்பாத்துனாங்க. ரொம்பவே காப்பாத்துனாங்க! படியில எதிர்ல வந்தா செவுத்தப் பாத்துக்கினே போனாங்க. தெனமும் "சாப்டியா தம்பி?"ன்னு கேக்குறவங்க, நான் வண்டி எடுக்குற சத்தம் கேட்டாலே கதவ சாத்துனாங்க.

அம்மா கண்ணுல பட்டுடுச்சு.

"இன்னாடா பண்ண அந்தப் பொண்ண? உன்னப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கினு போவுது?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"ஒண்ணும் பண்ணாமத்தான் அப்டி போவுதா? வா, மன்னிப்பு கேளு!"

மாடிக்கு இழுத்துக்கினு போயிட்டாங்க. அக்கா கதவத் தொறந்து என்னைப் பாத்தாங்க. அப்புறம் அம்மாவப் பாத்து, "இந்தத் தம்பி யாருன்னே எனக்குத் தெரியாதே!"ன்னாங்க.

"ரெண்டு வருஷமா என் தலமேல குடிகீற. என் புள்ளயத் தெரியாதா? அப்ப பெருசா இன்னாவோ நடந்துகீது!"

அம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பொம்பளைங்ககிட்ட வாலாட்டுறவன்னு பேரு வாங்குறதா, உண்மையச் சொல்றதா? சொல்லிட்டேன்.

"எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தேம்மா. அக்காதான் அங்க கவுன்சிலர். எனக்கு ஒண்ணும் இல்ல, நெகட்டிவ்."

"நான் எதுவும் சொல்லல"ன்னு அக்கா அவசரமா சொன்னாங்க.

அம்மா என் முதுகுல பளார்னு ஒண்ணு வச்சாங்க. அதே கையால தடவியும் குடுத்தாங்க. மூக்க உறிஞ்சிக்கினு கேட்டாங்க: "சரி, யாருடா அந்தப் பொண்ணு?"

அக்கா கதவ மெதுவா சாத்திட்டாங்க.

ஆஸ்பத்திரி ரிசல்ட்டு அன்னைக்கே வந்துடுச்சு. அம்மாவோட விசாரணை இன்னும் முடியல.