மின்னல் அண்ணன் விசைப்பலகை மாற்றிய கதை

கோலாலம்பூரில் மின்னல் அண்ணனைவிட வேகமாகத் தமிழ்த் தட்டச்சு செய்தவர் யாரும் கிடையாது. இருந்தால் அழைத்து வாருங்கள், நான் நம்பமாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வேலை பார்த்த அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அட்டை எல்லாம் அவர் கையால்தான். வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன்வரை அடித்து முடித்திருப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை, பழைய டைப்ரைட்டர் முறையை விட்டுத் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறப்போவதாக அறிவித்தார்.

"உயிரெழுத்து இடது கை, மெய்யெழுத்து வலது கை. இன்னும் ஸ்பீட் ஏறும் லா," என்றார்.

"இருக்கிற ஸ்பீடுக்கே பிரிண்டர் மூச்சு வாங்குது, அண்ணே," என்றேன். கேட்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். காலையில் உட்கார்ந்தவர் மதியச் சாப்பாடுவரை 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்பைத் தாண்டவில்லை.

ஆனால் பயிற்சியை விடவில்லை. மாமாக் சாப்பாட்டுக் கடை மேசையில் தட்டினார். தே தாரிக் டீ கவிழ்ந்தது. மோனோரயிலில் முன்னால் நின்றவரின் முதுகுப்பையில் தட்டினார், அவர், "இறங்கணுமா அங்கிள்?" என்று வழிவிட்டார். கிள்ளானில் ஒரு சாவு வீட்டில் கைகட்டி நின்றபடி விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெரியவர், "மனுசன் ஜபம் பண்றாரு பாருங்க," என்று மெச்சினார். நான் சிரிப்பை அடக்க வெளியே ஓடினேன்.

முதலாளி பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "மாசக் கடைசிக்குள்ள நாளுக்கு இருபது அட்டை முடியலன்னா கவுண்டருக்குப் போயிடுங்க, அண்ணே," என்றார். முன்பெல்லாம் மின்னல் அண்ணன் மதியத்துக்குள் முடிக்கிற வேலை அது. ஆள் முகம் பார்த்துப் பேசுவது அவருக்குப் பாகற்காய். விசைப்பலகையைப் பிடுங்கினால் மனிதர் உடைந்துபோவார் என்று எங்களுக்குத் தெரியும்.

அதனால் நானும் டிசைனர் கமலா அக்காவும் ஒரு காரியம் செய்தோம். அவர் சாப்பிடப் போனதும் மேசையில் காத்திருக்கும் படிவங்களில் பத்தை எடுத்து, நாங்களே அடித்து, முடிந்த கட்டோடு சேர்த்துவிடுவோம். சாயங்காலம் கட்டை எண்ணிப் பார்ப்பார்.

"இருபத்தொண்ணு. கை பழகிருச்சு, பாத்தியா?"

"அதானே, அண்ணே," என்று கமலா அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டு மாதத்தில் கை நிஜமாகவே பழகிவிட்டது. பழைய வேகம் வந்தது. அதற்குமேல் ஓர் எழுத்துகூட ஏறவில்லை. அவரோ இரண்டு மடங்கு என்று சாதித்தார். நாங்களும் தலையாட்டினோம்.

இப்போது செமினியில் மகளோடு இருக்கிறார். நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிப்பவர். அந்தப் பத்து அட்டை விஷயம் இன்றுதான் அவருக்குத் தெரியப்போகிறது. நிச்சயம் கோபப்படுவார். கோபத்திலாவது ஒரு போன் போடட்டும். அவர் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.