டாக்டர் கந்தகத்தின் இருபது மீசைகள்

டாக்டர் கந்தகத்தை முழுமையாகப் புரிந்துகொண்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவரைப் படைத்த ஓவியர், அவர் இறந்துவிட்டார். மற்றவர் தனபால், அவர் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் டீ டம்ளருடன், சற்றும் சிரிக்காமல் இதை அறிவித்தவர் தனபாலேதான். மறுப்பதற்கு அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஜீப் ஓட்டும் கோபியின் வாயில் முறுக்கு இருந்தது. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் டோமினிக் அடுத்த முறுக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். இந்த மூவரும் சேர்ந்ததுதான் சேர்வராயன் மலை சித்திரக்கதை வாசகர் பேரவை. நான்காவது உறுப்பினரைச் சேர்ப்பது பற்றிய தீர்மானம் பல வருடங்களாகப் பரிசீலனையில் இருந்தது.

"அதெல்லாஞ் சரிங்க ரைட்டரண்ணா. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பேரு அனுப்போணும். யாரு நடிக்கறது?" என்றான் கோபி.

விஷயம் இதுதான். கேப்டன் வேங்கை என்ற சித்திரக்கதை வீரனை வைத்துச் சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்த படம் ஓடிவிட்டது. அதன் கடைசிக் காட்சியில் வில்லன் டாக்டர் கந்தகத்தின் முதுகை மட்டும் காட்டினார்கள். அந்த முதுகுக்கே தியேட்டரில் விசில் பறந்ததால், இப்போது வில்லனுக்கென்று தனியாக ஒரு படம். யார் நடித்தால் பொருந்தும் என்று ரசிகர் மன்றங்கள் மன்றத்துக்கு ஒரு பெயரைக் காரணத்தோடு எழுதி அனுப்பலாம். சிறந்த கடிதம் அனுப்பிய மன்றத்துக்குப் படத்தின் தொடக்கத்தில் பெயர் போட்டு நன்றி சொல்வார்கள்.

தனபாலுக்கு அந்த ஒரு வரி வேண்டும். முப்பத்து நான்கு வருடம் ஒரு வில்லனைப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறார். ஊருக்குத் தெரிய ஒரு வரி வந்தால் போதும்.

"தீரஜ் வர்மன்," என்றான் கோபி. "ஒடம்பப் பாத்தீங்களா? வயித்துல ஆறு கட்டம்."

"கட்டம் புஸ்தகத்துல இருக்கோணும் கோபி. வயித்துல இருந்து என்ன பண்றது?"

"நாடக நடிகர் சபேசன்," என்றார் டோமினிக். "அந்தக் குரலுக்கு அவருதான் சரி."

"பொம்மைப் புஸ்தகத்துல உனக்குக் குரல் எங்கடா கேட்டுச்சு?"

"கேட்டுச்சு தனபாலு. கொஞ்சம் சளி கட்டின மாதிரி."

மூவருக்கும் அந்தக் குரல் கேட்டிருந்தது. ஆளுக்கொரு குரல், அவ்வளவுதான் வித்தியாசம்.

டாக்டர் கந்தகம் வருகிற கதை ஒன்றே ஒன்றுதான்: 'கந்தகக் கோட்டை'. ஏற்காட்டுக்கு அதில் ஒரே ஒரு பிரதிதான் வந்தது. ஓர் ஆடி மாத மழையில், சேலத்திலிருந்து வரும் பஸ்ஸில், பத்திரிகைக் கட்டுக்குள் வந்தது. வாடகைப் புத்தகக் கடையின் தகரத் தாழ்வாரத்தில் மூன்று பையன்கள் தலையோடு தலை முட்ட அதைப் படித்தார்கள். புத்தகத்தைப் பிடித்திருந்தது தனபால். பக்கவாட்டில் டோமினிக். இடமில்லாததால் சின்னவன் கோபி எதிரே உட்கார்ந்து தலைகீழாகப் படித்தான். இன்றும் டாக்டர் கந்தகத்தைத் தலைகீழாகக் காட்டினால்தான் கோபிக்குச் சட்டென்று அடையாளம் தெரியும்.

தகரத்தில் மழை கொட்டிய சத்தமும், ஈரச் சட்டை நாற்றமும், "பக்கத்தத் திருப்புங்கண்ணா" என்ற கோபியின் கெஞ்சலும் அந்தப் புத்தகத்தின் பகுதிகளாகவே ஆகிவிட்டன. அச்சோ மகா மோசம். சில பக்கங்களில் கேப்டனின் காதலிக்கே மீசை இருப்பதுபோலத் தெரியும். ஆனால் டாக்டர் கந்தகத்தின் மீசையில் எந்தச் சந்தேகமும் கிடையாது. கன்னங்கரேலென்று, பளபளவென்று இருக்கும்.

புத்தகத்தைத் தனபால் கடைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைதான் பிறகு மூடப்பட்டது. இப்போது அது பிளாஸ்டிக் உறைக்குள், வேட்டிக்குள், பீரோவுக்குள் இருக்கிறது.

அவருடைய மனைவி சுகுணா, அந்தப் பத்திரிகைக் கட்டை பஸ்ஸில் கொண்டுவந்த பெரியண்ணன் என்ற பத்திரிகை ஏஜெண்டின் மகள். மாமனாருக்காகத்தான் தனபால் பெண் பார்க்கவே போனார் என்று டோமினிக் சொல்வதுண்டு. கெட்டிக்காரி. மலைப்பாதை பஸ்ஸில் மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருக்க, அவள் மடியில் பூவைப் போட்டுக் கட்டிக்கொண்டே வருவாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் புத்தகத்தை அவள் தொட்டதில்லை. கை ஈரம் என்று தனபால் தடை போட்டிருந்தார். அவளும் தொடக் கேட்டதில்லை.

"நடிகரு பேரெல்லாம் அப்பறம்," என்றார் தனபால். "மொதல்ல மீசைய எழுதுவோம்."

மற்ற இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மீசைக் கொள்கைதான் பேரவையின் அடித்தளம்.

டாக்டர் கந்தகம் நூற்றுப் பன்னிரண்டு கட்டங்களில் வருகிறார். தொண்ணூற்றொன்றில் மீசை நேராக இருக்கிறது. இருபதில் சரிகிறது. ஒருமுறை இடப்பக்கம், அடுத்த முறை வலப்பக்கம். இடம் சரிந்தால் துக்கம். வலம் சரிந்தால் வஞ்சம். துக்கம், வஞ்சம், துக்கம், வஞ்சம் என்று இருபது முறை மாறி மாறி அலைகிறது அந்த உள்ளம். இருபதுக்குப் பிறகு மீசை சரிவதே இல்லை. மனம் சமநிலைக்கு வந்துவிட்டது. நடுவில் எழுபத்தோராம் பக்கத்தில் மட்டும் மீசை நெற்றி வரை பாய்கிறது. அது அதிர்ச்சி. காதலியின் மரணச் செய்தியாக இருக்கலாம் என்று தனபாலும், தேள் கடித்திருக்கலாம் என்று கோபியும் கருதினார்கள்.

"இந்த இருபதையும் மொகத்துல காட்டற நடிகன் எவனோ, அவன்தான் கந்தகம்," என்றார் தனபால். "பேரு கம்பெனி கண்டுபிடிக்கட்டும்."

"ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் டீ வெக்கட்டுங்களா?" என்றபடி சுகுணா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். கணவரின் முகத்தையும் காகிதத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள்.

"மீசைன்னதும் நெனப்பு வருது," என்றான் கோபி. "பஸ் ஸ்டாண்டுல சோப்பு வெளம்பரப் பொண்ணுக்கு எவனோ மீசை வரைஞ்சு உட்டுட்டானுங்க."

தனபால் டம்ளரைக் கீழே வைத்தார். "அச்சடிச்ச மொகத்துல பேனா வெக்கறவன் இருக்கானே, அவன் மனுசனே இல்ல. ஒரு ஓவியன் ராத்திரி பகலா ஒக்காந்து வரைஞ்சிருப்பான். அதுல போயிக் கிறுக்கறதுன்னா அது கொலைக்குச் சமானம். நானே ரெண்டு தடவ மனு எழுதிக் குடுத்திருக்கேன்."

"அது போட்டோதானுங்களே," என்றான் கோபி. அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

பதினொரு பக்கக் கடிதம் நாலு மணிக்குப் போனது. நாலே முக்காலுக்குக் கம்பெனியிலிருந்து கவிப்பிரியா என்ற பெண் போன் செய்தாள். தனபால் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், லெட்டர் பிரமாதம். ஆபீஸே கண் கலங்கிடுச்சு. ஒரே ஒரு டவுட். இது வேற கேரக்டரா?"

"ஏன் கண்ணு?"

"டாக்டர் கந்தகத்துக்கு மீசையே கிடையாதே சார்."

வெளியே எங்கோ ஒரு குரங்கு தகரக் கூரையில் குதித்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

"உங்க கையில இருக்கறது வெளிநாட்டுப் பதிப்பா இருக்கும்," என்றார் தனபால் நிதானமாக. "மீசையில்லாத வில்லன் நம்ம சனங்ககிட்ட எடுபடமாட்டான்னு தமிழ்ப் பதிப்புல சேத்தாங்க."

"எங்ககிட்ட தமிழ்ப் பதிப்பேதான் சார் இருக்கு. நாலு காப்பி."

"நாலுலயும் அச்சு உட்டுப் போயிருக்கும்."

"நாலுலயுமா சார்?"

"ஏற்காட்டுக்கு வந்ததுதான் முழுசு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கூட்டத்தில் அறிவு இருக்காது என்பதால் தனபால் எந்த இணையக் குழுவிலும் சேர்ந்ததில்லை. இப்போது ஆதாரம் திரட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுச் சித்திரக்கதை ரசிகர்கள் ஒன்பதாயிரம் பேர் உள்ள குழுவில் கோபியின் போன் வழியாகச் சேர்ந்து, மீசையுள்ள பக்கம் ஒன்றைப் படமெடுத்துப் போடச் சொன்னார். இருப்பதிலேயே வலுவான ஆதாரம் எது என்று யோசித்த கோபி, எழுபத்தோராம் பக்கத்தைப் போட்டான்.

ஒன்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் சிரிப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை தனபாலுக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் நெற்றி மீசை கேப்டன் வேங்கைக்கு வந்தது. பிறகு ஒரு பசுவுக்கு. பிறகு ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கு. 'ஏற்காடு மீசை' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். யாரோ ஒருவர் ஏற்காடு ஏரிக்கே மீசை வரைந்திருந்தார். அது பொருத்தமாகத்தான் இருந்தது.

"ஒரு நிபுணர் சான்று வேணும்," என்றார் தனபால் மறுநாள் காலை. "டோமினிக், நீ டிராயிங் மாஸ்டர். இது அச்சுதான்னு எழுதிக் கையெழுத்துப் போடு. போதும்."

முப்பத்து நான்கு வருடத்தில் முதல்முறையாகப் புத்தகம் தனபாலின் கையை விட்டு இன்னொரு கைக்குப் போனது. டோமினிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் போனார். ஒரு மீசையின் மேல் விரல் நுனியை மெல்ல வைத்தார். பக்கத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வெளிச்சம் பத்தல தனபாலு."

வாசலுக்குப் போனார்கள். பனி விலகி, காப்பிச் செடிகளின் மேல் வெயில் கண்ணைக் கூசச் செய்தது.

"இப்ப?"

"இப்பவும் பத்தல," என்றார் டோமினிக். புத்தகத்தைப் பதமாக உறையில் போட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பேரவை கூடவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. கோபிக்கு ஞாயிறுதோறும் சவாரி வந்தது. டோமினிக்குக்கு மாதா கோயிலில் வேலை வந்தது. தனபால் வாரம் ஒருமுறை பீரோவைத் திறந்தார், உறையைப் பிரிக்கவில்லை. கொல்லைப்புறத் தகரத்தில் மழை பெய்த ஒருநாள், "பக்கத்தத் திருப்புங்கண்ணா" என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் சுகுணா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொங்கித் திங்க வேண்டாமுங்களா? எந்நேரமும் அந்த பீரோ முன்னால நின்னுட்டு."

"ஒருத்தன் நம்புனாப் போதும் சுகுணா. ஒரே ஒருத்தன்."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்து, முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

தை மாதத்தில் அறிவிப்பு வந்தது. நன்றி வரி கோயம்புத்தூர் மன்றம் ஒன்றுக்குப் போயிற்று. நடிகர் தீரஜ் வர்மன், ஆறு கட்டங்களோடு.

அந்த வாரம் அடிவாரத்தில் ஒரு கல்யாணம். காலைப் பனியில் தனபாலும் சுகுணாவும் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து பூக் கட்டினாள். எதிர்ச் சுவரில் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். டாக்டர் கந்தகம். தோலுரித்த முட்டைபோல வழுவழுவென்று ஒரு முகம். துக்கமும் இல்லை, வஞ்சமும் இல்லை. மூக்குக்கும் வாய்க்கும் நடுவே யாரோ காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது.

தனபால் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பனியில் யாரும் இல்லை. சட்டைப் பையிலிருந்து, எஸ்டேட் மூட்டைகளுக்கு நம்பர் போடும் கறுப்பு மார்க்கரை எடுத்தார். மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார். குதிகாலை உயர்த்தி, அச்சடித்த முகத்தில் கையை வைத்து, மெதுவாக, மிகுந்த மரியாதையோடு ஒரு மீசை வரைந்தார்.

இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். நேராக வந்திருந்தது. இடப்பக்கம் கொஞ்சம் இழுத்தார். வலப்பக்கம் கொஞ்சம். ஊராட்சித் தலைவர் மாதிரி ஆயிற்றே தவிர, அந்தச் சரிவு வரவில்லை.

"ஏனுங்க," என்றாள் சுகுணா, பூவிலிருந்து தலையைத் தூக்காமல். "நின்ன எடத்துல நின்னு வரைஞ்சா அந்தக் கோணல் வராதுங்க. அந்தக் கட்டு வந்த அன்னிக்கு நான் அப்பா மடியில ஒக்காந்து அடிவாரத்துல பேனாவத் தொறந்தேன். பஸ்ஸு மேல வர்றதுக்குள்ள இருபது கொண்டை ஊசி வளைவு. எழுபத்தோராம் பக்கத்துல ஒரு குரங்கு குறுக்க ஓடிருச்சு."