நூற்று முப்பத்தொரு பேரை வெளியேற்றிய ஞாயிறு

திகதி தாண்டிய எதையும் என்னால் வீட்டில் வைத்திருக்க முடியாது. இருமல் மருந்தோ, மிளகாய்த்தூள் பக்கெட்டோ, போன வருடத்துக் கலண்டரோ (முருகன் படம் போட்டதானாலும்) என் கண்ணில் பட்டால் போச்சு. எதை, எந்த நாளில், எத்தனை மணிக்கு வெளியேற்றினேன் என்பதை நீலக் கொப்பியில் எழுதியும் வைப்பேன். இந்தப் பழக்கத்தைப் பெருமையாகவே நினைத்திருந்தேன், அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி வரை.

நான் முன்பு வேலை பார்த்த கம்பனி, தன் இணையத்தளத்துக்காக என் கணினியில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழை ஏற்றியிருந்தது. வேலையை விட்டபின் அதை நீக்கிவிடுவதே நல்லது என்று எங்கோ வாசித்தேன். ஞாயிறு காலை பத்து பத்துக்கு இணைய உலாவியின் அமைப்புகளுக்குள் நுழைந்து, அதைத் தேடிப் பிடித்து நீக்கினேன். ஒரே நிமிடம். அத்தோடு எழுந்து தேநீர் குடிக்கப் போயிருக்கலாம்.

ஆனால் அது இருந்த சான்றிதழ்ப் பட்டியல் அத்தோடு முடியவில்லை. கீழே போகப் போக பெயர்கள். நான் கால் வைக்காத நாடுகளின் நிறுவனங்கள், வாயில் நுழையாத பெயர்கள். நான் அழைக்காமலே இத்தனை பேர் என் கணினிக்குள் குடியிருக்கிறார்களா! ஒவ்வொன்றாகத் திறந்து, பெயரையும் முடிவுத் திகதியையும் கொப்பியில் இலக்கமிட்டு எழுதி, நீக்கினேன். 'இதன் மீதான நம்பிக்கையை நீக்கவா?' என்று உலாவி ஒவ்வொரு முறையும் கேட்டது. ஒவ்வொரு முறையும் 'ஆம்'. பின்னேரம் நான்கு நாற்பதுக்கு, நூற்று முப்பத்தொரு பேரை வெளியேற்றிய களைப்போடு கணினியை மூடினேன்.

செவ்வாய் மூன்று மணிக்கு என் மனைவி செல்வி தான் படிப்பிக்கும் பாடசாலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மடுல்கெல்லையிலிருந்து பஸ்ஸில் வியர்த்து வந்து சேர்ந்தாள். பாடசாலை அதிபர் பதவிக்கான பரீட்சை விண்ணப்பத்தை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். மூன்று வருடமாகக் காத்திருந்த பரீட்சை. மகள் கயல் ஸ்கான் செய்த பத்திரங்கள் எல்லாம் அந்தக் கணினிக்குள்தான்.

"என்னங்க, இது பாதுகாப்பில்லாத தளம்னு சொல்லுது?"

"கவனமா இரும்மா, கள்ளத் தளமா இருக்கும்."

"அரசாங்கத் தளங்க!"

இன்னொரு தளத்தைத் திறந்தாள். அதுவும் கள்ளம். தினம் வாசிக்கும் பத்திரிகையும் கள்ளம். உலகத்தில் யோக்கியன் ஒருவனும் மிச்சமில்லை. செல்வி மெதுவாகத் திரும்பி என் கொப்பியைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை என்ன செஞ்சீங்க?"

வேறு உலாவியும் இல்லை. இரண்டாவதை, வீணாக இடம் பிடிக்கிறதென்று அதற்கு முந்தைய ஞாயிறு நானே நீக்கியிருந்தேன். புதிதாக இறக்கவோ, எந்தத் தளமும் திறக்காது. மூன்று இருபத்தைந்துக்கு, பேராதனையில் கணினி வேலை பார்க்கும் தன் தம்பி ரவியைத் தொலைபேசியில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். எதிர்முனையில் சிரிப்பு அடங்க ஒரு நிமிடமானது.

"அத்தான், கிராம சேவகர் கையெழுத்து இல்லாம உங்கள எந்த ஒபிஸ்லயாவது நம்புவாங்களா? 'இந்தத் தளம் நல்ல தளம்'னு கையெழுத்து வைக்கிறவங்கதான் நீங்க வெளியேத்தின ஆளுங்க. நாட்டுல உள்ள அத்தன கிராம சேவகரையும் வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே!"

"டேய், சிரிக்காம வழியச் சொல்லுடா," என்றாள் செல்வி. அவள் கண் மணிக்கூட்டில். நான் கதிரையின் விளிம்புக்கு நகர்ந்தேன்.

ரவி தன் கணினியில் அந்த அரசாங்கத் தளத்தைத் திறந்து, அதற்குக் கையெழுத்து வைத்தவர் யாரென்று பார்த்துப் பெயரைச் சொன்னான். "உங்க உலாவியில அவங்க முழுசா அழிஞ்சிருக்க மாட்டாங்க. பட்டியல்லயேதான் கிடப்பாங்க. ஆளத் தேடிப் பிடிச்சு, நம்பிக்கைப் பெட்டியில திரும்ப சரி போடுங்க. ஆனா அதே பேர்ல நாலஞ்சு பேர் இருப்பாங்க. சரியான ஆளு எப்ப காலாவதி ஆகுதுன்னு சொல்றேன், அத வச்சுத் தேடுங்க."

திகதியா! கொப்பியைப் பாய்ந்து எடுத்தேன். ரவி அதைச் சொல்லி இருபது விநாடிகூட ஆகவில்லை.

"அறுபத்து மூணு!"

செல்வி எட்டிப் பார்த்து, பக்கத்தில் நான் எழுதியிருந்த குறிப்பை உரக்க வாசித்தாள்: "'ஆள் யாரென்று தெரியவில்லை. நீக்கப்பட்டது.'" ரவி மறுபடி சிரிக்கத் தொடங்கினான்.

சரி போட்டோம். தளம் திறந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நேரத்தைக் குறிக்கப் பேனையை எடுத்தேன். செல்வி பார்த்த பார்வையில் கீழே வைத்தேன் (மறுநாள் குறித்துக்கொண்டேன்).

செல்வி இப்போது அதிபர். கயலின் கல்யாணத்துக்கு அழைப்புப் பட்டியல் எழுதி, பெயர்களைக் குறைக்க நாங்கள் உட்கார்ந்தபோது, செல்வி என்னிடம் நீட்டிய பேனையை ரவி பாய்ந்து வந்து பிடுங்கினான்.

"அக்கா, அத்தான்கிட்ட குடுக்காத! ஆள் யாருன்னு தெரியலனு மாப்பிள்ளையவே வெட்டிருவாரு!"

மாப்பிள்ளையும் இதை விடுவதாக இல்லை. இன்றும் வந்தால் கேற்றருகே நின்று, "மாமா, உள்ள வரலாமா? கையெழுத்து யாராவது போடணுமா?" என்பார்.

நான் வாய் திறக்குமுன் குசினியிலிருந்து செல்வியின் குரல் வரும்: "அறுபத்து மூணு, உள்ள வாங்க!"